பழி ஒப்புட்டு மேல, தப்பு ஐஸ் பெட்டி மேல

சித்திரை பிறந்துவிட்டது. இனி கோவை பீளமேடு ஏர்போர்ட் வாசலில் நம்ம பக்கத்துப் பெரியவர்கள் கூட்டம்தான். மகளுக்குப் பிரசவம், மகன் புது வீடு குடி போகிறான் என்று சிங்கப்பூருக்கும் ஷார்ஜாவுக்கும் கிளம்பி வந்து நிற்பார்கள். அதில் பல பேர் கையில் ஒரு குட்டித் தெர்மாகோல் பெட்டி இருக்கும், உள்ளே இன்சுலின். அந்தப் பெட்டியைப் பற்றி எழுத வேண்டும் என்று மூன்று வருஷமாக நினைக்கிறேன். எழுதாததற்குக் காரணம் கூச்சம். எங்கம்மாவின் இன்சுலினைக் கெடுத்தது ஏர்லைன்ஸும் இல்லை, செக்யூரிட்டியும் இல்லை, நான்தான்.

அம்மாவுக்கு ரொம்ப வருஷமாகச் சர்க்கரை. மாத்திரை போய் ஊசிக்கு வந்து கொஞ்ச காலம் ஆகியிருந்தது. 30/70 கலவை இன்சுலின், பார்க்கப் பால் மாதிரி இருக்குமே, அதுதான். தங்கச்சி சிங்கப்பூரில் இருக்கிறாள். அம்மா முதல் தடவையாகத் தனியாக விமானம் ஏறப் போகிறார் என்றதும் வீட்டில் எல்லோருக்கும் ஒரே கவலை, மருந்து சூடாகிவிடுமோ. மருந்துக் கடையில் கேட்டேன். "நல்லா ஐஸ் போட்டுக் கொண்டு போங்க" என்றார்கள். போட்டேன். நாலு ஜெல் பேக்கை முந்தின நாளே ஃப்ரீசரில் வைத்து, கருங்கல் மாதிரி இறுகினதும் எடுத்து, நடுவில் இரண்டு பாட்டிலையும் வைத்து, ஆடக் கூடாது என்று ரப்பர் பேண்ட் போட்டு இறுக்கி, பெட்டியைச் சுற்றி டேப் ஒட்டினேன். சீர்ப்பெட்டி கட்டிக் கொடுத்த மாதிரி அத்தனை திருப்தி எனக்கு.

போன நாலாம் நாள் தங்கச்சியிடமிருந்து போன். சர்க்கரை 340. மறுநாள் அதற்கும் மேல். ஊசி அதே அளவு, அதே நேரம். அம்மா கொண்டுபோன பையில் ஒப்புட்டும் (போளிதான்) ஒரு டப்பா கச்சாயமும் இருந்தன, அப்புறம் என்ன விசாரணை, நானும் தங்கச்சியும் தீர்ப்பே எழுதிவிட்டோம். "ஏம்மா, ஒரு பத்து நாளைக்கு வாயைக் கட்ட முடியாதா?" என்று இங்கிருந்து போனில் கத்தினேன். "ஒண்ணுகூடத் தொடலை கண்ணு" என்று அவர் சொன்னதை இரண்டு பேருமே நம்பவில்லை. தங்கச்சி அந்த டப்பாவை எடுத்து அம்மாவுக்கு எட்டாத மேல் அலமாரியில் வைத்துவிட்டாள், சின்னப் பிள்ளைக்குச் செய்வதுபோல.

ஆறாம் நாள் ஒரு கிளினிக்குக் கூட்டிப் போனாள். அந்த டாக்டர் முதலில் கேட்டு வாங்கியது பாட்டிலை. உள்ளங்கைகளுக்கு நடுவே வைத்து மெதுவாக உருட்டினாராம். ஒரே சீராக வெள்ளையாக வர வேண்டியது வரவில்லை. கண்ணாடியின் உள்பக்கம் பனி படிந்த மாதிரித் திட்டுத் திட்டாக ஒட்டியிருந்தது, அடியில் துகள் துகளாகக் கிடந்தது. "இது எப்போ உறைஞ்சது?" என்று கேட்டிருக்கிறார். இன்னொரு பாட்டிலும் அதே கதி. அம்மா நிஜமாகவே ஒரு ஒப்புட்டையும் தொடவில்லை.

திறக்காத இன்சுலினை 2லிருந்து 8 டிகிரிக்குள் வைக்கச் சொல்கிறார்கள். நம் மண்டையில் ஏறுவதெல்லாம் 'ஃப்ரிட்ஜில் வை' என்பது மட்டும்தான், அந்த 2 ஏன் இருக்கிறது என்று யாரும் கேட்பதில்லை. 2க்குக் கீழே கொஞ்ச தூரத்தில் உறைநிலை. வீட்டு ஃப்ரீசர் சுமார் மைனஸ் 18. அதிலிருந்து எடுத்த ஜெல் பேக்கை நேராகப் பாட்டிலோடு ஒட்டி வைத்தால் மருந்து உறையாமல் என்ன செய்யும்? இன்சுலின் ஒரு புரதம். உறைந்து கெட்டால் அவ்வளவுதான், திரும்ப உருகினாலும் அதை நம்பி ஊசி போட முடியாது. திரிந்த பாலை ஆற வைத்தால் மறுபடி பால் ஆகுமா? அம்மாவுடையது கலவை என்பதால் கண்ணுக்குத் தெரிந்தது. தண்ணீர் மாதிரித் தெளிவாக இருக்கும் இன்சுலின் கெட்டுப்போனால் இந்தத் திட்டுகூடத் தெரியாமல் போகலாம்.

இதைவிட எனக்கு வயிற்றெரிச்சல் என்னவென்றால், அந்தப் பயணத்துக்கு அத்தனை ஐஸ் தேவையே இல்லை. பயன்பாட்டில் இருக்கும் பாட்டிலை 25, 30 டிகிரிக்குள் பெரும்பாலும் நாலு வாரம் வரை வெளியிலேயே வைத்திருக்கலாம். எந்த மருந்துக்கு எத்தனை நாள், எத்தனை டிகிரி என்று அட்டைக்குள் மடித்து வைத்த தாளில் போட்டிருக்கும். (அந்தத் தாளை நான் முதல் தடவை பிரித்தது எல்லாம் முடிந்த பிறகுதான்.) கோவை–சிங்கப்பூர் நாலரை மணி நேரம், விமானத்துக்குள் ஏசி, பெரியவர்கள் போர்வை கேட்கிற குளிர். மொத்தப் பயணத்தில் இன்சுலினுக்குச் சொகுசான நேரமே அதுதான்.

சூடு எங்கே இருக்கிறது என்றால் கோபியிலிருந்து பீளமேடு வருகிற வழியில். நம்ம ஆட்கள் ராத்திரி விமானத்துக்கு மத்தியானமே கிளம்புவார்கள், போகிற வழியில் அவிநாசியில் ஒரு ஒறம்பரை வீட்டில் தலையைக் காட்டிவிட்டுப் போகலாம் என்று. காரை வெயிலில் நிறுத்திவிட்டு உள்ளே போய்க் காபி, பலகாரம், இரண்டு வருஷத்து ஊர்க்கதை. மருந்துப் பை டிக்கியில் கிடக்கும். சித்திரை வெயிலில் மூடிய கார் எப்படிக் கொதிக்கும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. ஒறம்பரை வீட்டுக்குப் போங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை, பையை மட்டும் கையோடு எடுத்துக்கொண்டு இறங்குங்கள்.

அம்மா ஊர் திரும்பிய பிறகு எங்களுக்குச் சரியான வழியைச் சொல்லிக் கொடுத்தது பெரிய டாக்டர் யாரும் இல்லை, துணை சுகாதார நிலையத்து நர்ஸம்மா. புதன்கிழமை தடுப்பூசி நாள். அம்மா பக்கத்து வீட்டுக் குழந்தையோடு போனவர் அங்கே போய்த் தன் கதையையும் சொல்லியிருக்கிறார். அந்தப் பெண் கேட்டதும் சிரித்துவிட்டதாம். "ஏனுங்கம்மா, நாங்களே ஃப்ரீசர்ல இருந்து எடுத்த ஐஸ் பேக்கை அப்படியே பெட்டிக்குள்ள வைக்க மாட்டோமுங்க. கொஞ்ச நேரம் வெளிய வெச்சு, காதுகிட்டப் புடிச்சு ஆட்டிப் பாப்போம். உள்ள தண்ணி சளக்குனு சத்தம் கேட்டாத்தான் வைக்கோணும்." ஐஸ் உருகத் தொடங்கிவிட்டால் அது பூஜ்ஜியம் டிகிரிக்கு வந்துவிட்டது, இனி மருந்தை உறைய வைக்காது என்று அர்த்தம். ஹெபடைடிஸ் பி, பென்டாவேலன்ட் மாதிரித் தடுப்பூசிகளுக்கும் உறைந்தால் ஆகாது, அதனால் அவர்களுக்கு இது பாலபாடம். எவ்வளவு காலமாக நம் ஊரில் தோளில் ஒரு பெட்டியை மாட்டிக்கொண்டு இந்த வேலையைச் செய்துகொண்டிருக்கிறார்கள். நான் அதைக் கேட்டுக்கொள்ளாமல் ராத்திரி இரண்டு மணி வரை யூடியூப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

இப்போது எங்கள் முறை இதுதான். நடப்புப் பாட்டிலுக்கு ஐஸே கிடையாது, தண்ணீரில் நனைக்கிற துணிப்பை. உள்ளே இருக்கும் மணிகள் தண்ணீரை உறிஞ்சி உப்பிக்கொள்ளும், ஈரம் காயக் காய உள்ளே சூடு இறங்கும். மண்பானைத் தண்ணீர் ஜில்லென்று இருக்கிற அதே கணக்கு. நம்ம ஊர் சித்திரைக் காய்ந்த காற்றில் அருமையாக வேலை செய்யும், சிங்கப்பூர்ப் புழுக்கத்தில் அவ்வளவாகச் செய்யாது. காற்றுப் பட வேண்டும், அதைப் பாலிதீன் கவருக்குள் போட்டுக் கட்டினால் வெறும் ஈரத்துணிதான். திறக்காத பாட்டில்களுக்கு மட்டும் தண்ணீர் அடைத்த ஐஸ் பேக், அதுவும் ஆட்டிப் பார்த்துச் சத்தம் வந்த பிறகு, நடுவில் ஒரு துண்டைச் சுற்றி. யாராவது டிரை ஐஸ் என்று ஐடியா கொடுத்தால் கும்பிடு போட்டுவிடுங்கள். ஏர்லைன்ஸ் அனுமதியோடு ஆளுக்கு இரண்டரை கிலோ வரை கொண்டுபோகலாம்தான், ஆனால் அது மைனஸ் 78 டிகிரி.

செக்யூரிட்டியைப் பற்றி ஆளாளுக்குப் பயமுறுத்துவார்கள். இரண்டாம் தடவை நானும் அம்மாவோடு போனேன். சிஐஎஸ்எஃப் ஆள் பெட்டியைத் திறந்து பார்த்தார், ஊசியைப் பார்த்தார், டாக்டர் சீட்டைப் பார்த்தார், "இன்சுலின்?" என்றார், தலையாட்டினோம், முடிந்தது. 100 மில்லிக்கு மேல் திரவம் கூடாது என்கிற விதியில் மருந்துக்கு விலக்கு உண்டு, கையில் சீட்டு இருந்தால் போதும். ஆனால் சீட்டில் உள்ள பெயரைப் பாருங்கள். டாக்டர் எழுதுவது இனிஷியலோடு, பாஸ்போர்ட்டில் இருப்பது அப்பா பெயரோ வீட்டுக்காரர் பெயரோ முழுசாக. நம் ஊர் மருந்துக் கடையில் பாட்டில் மேல் நோயாளி பெயரை ஒட்டித் தருகிற வழக்கமும் இல்லை. அதனால் பாஸ்போர்ட்டில் உள்ளபடியே பெயர் போட்டு ஆங்கிலத்தில் ஒரு கடிதம் வாங்கி, அட்டைப்பெட்டி, பில்லோடு வைத்துக்கொள்வது நல்லது.

அன்றைக்கு வம்பு வந்தது வேறு இடத்தில். விமானம் நிறைந்துவிட்டது, மேலே பை வைக்க இடமில்லை என்று வரிசையில் நின்ற எங்கள் டிராலியில் ஏர்லைன்ஸ் பையன் ஒரு டேக்கைக் கட்டினான், கீழே சரக்கு அறைக்கு அனுப்ப. உள்ளே மருந்து இருக்கிறது என்றேன். "அங்க இறங்கினதும் பெல்ட்ல வந்துடும் சார்." கீழே எவ்வளவு குளிரும் என்பது இருக்கட்டும், பை வழி தவறி வேறு ஊருக்குப் போனால் அம்மாவின் ராத்திரி ஊசிக்கு நான் எங்கே போவேன்? வரிசையை விட்டு விலகி, தரையில் உட்கார்ந்து, டிராலியைத் திறந்தேன். மேலே ஒப்புட்டு, அதன் கீழே பருப்புப்பொடி, அதற்கும் கீழே மருந்து. ஏலக்காய் வாசம் வரிசை முழுக்கப் போனது. பின்னால் யாரோ உச் கொட்டினார்கள்.

மருந்தைக் கைப்பையில் வையுங்கள் என்று ஏர்லைன்ஸ்காரர்களே எழுதி வைத்திருக்கிறார்கள். சரி, வைத்தோம். அப்புறம் கைப்பையையே வாங்கிக் கீழே போட்டால் என்ன நியாயம்? டேக் கட்டுவதற்கு முன் "உள்ள மருந்து இருக்குங்களா?" என்று ஒரு கேள்வி, தமிழில், கேட்டால் போதும். நான் இருந்ததால் வாதாடினேன். முந்தின தடவை மாதிரி அம்மா தனியாக இருந்திருந்தால் பையைக் கொடுத்துவிட்டு, "தேங்ஸ் தம்பி" என்றும் சொல்லியிருப்பார். அதனால்தான் சொல்கிறேன், மருந்து டிராலியில் வேண்டாம், தோளில் தொங்குகிற சின்னப் பையில் இருக்கட்டும், அதை யாரும் கேட்க மாட்டார்கள். விமானத்தில் ஃப்ரிட்ஜில் வைத்துக் கொடுங்கள் என்று கேட்டும் பயனில்லை. பல விமானங்களில் ஃப்ரிட்ஜே கிடையாது, இருந்தாலும் அடுத்தவர் மருந்துக்குப் பொறுப்பு ஏற்கத் தயங்குவார்கள், அது நியாயம்தான்.

மருந்துக் கடைக்காரர்கள் மேல் எனக்கு இன்னும் கோபம் உண்டு. இன்சுலினை விற்கும்போது "உறைய விடாதீங்க" என்று இரண்டு வார்த்தை சொன்னால் என்ன? எத்தனை வீட்டில் ஒற்றைக் கதவு ஃப்ரிட்ஜில் ஃப்ரீசருக்கு நேர் கீழே இருக்கும் சில்லர் ட்ரேயில் இதை வைத்திருக்கிறார்கள் என்று போய்ப் பாருங்கள்.

ஒரு முக்கியமான சமாச்சாரத்தை விட்டுவிட்டேன். அங்கே அந்த டாக்டர் புது இன்சுலின் எழுதிக் கொடுத்தபோது அம்மாவின் சிரிஞ்சைக் காட்டச் சொல்லி, ஒதுக்கி வைக்கச் சொல்லிவிட்டார். நம் ஊர் பாட்டில்களில் நிறைய மில்லிக்கு 40 யூனிட், அதற்குச் சிவப்பு மூடி சிரிஞ்ச். வெளிநாட்டில் பொதுவாக மில்லிக்கு 100 யூனிட், அதற்கு ஆரஞ்சு மூடி. 100 யூனிட் மருந்தைச் சிவப்பு மூடி சிரிஞ்சில் 20 கோடு வரை இழுத்தால் உள்ளே போவது 50 யூனிட், ஆளையே சாய்த்துவிடும். நம் 40 யூனிட் மருந்தை ஆரஞ்சு மூடி சிரிஞ்சில் 20 வரை இழுத்தால் போவது வெறும் 8. அதனால் சிரிஞ்சை இங்கிருந்தே போதுமான அளவு, மருந்தோடு சேர்த்துக் கட்டுங்கள். இன்சுலின் பேனா வைத்திருப்பவர்களுக்கு இந்தக் குழப்பம் அவ்வளவு இல்லை, ஊசியை மாட்டியபடியே விடாமல் கழற்றி வைத்தால் போதும். விமானம் மேலே போனால் உள்ளே காற்றழுத்தம் ஏறக்குறைய ஊட்டியில் இருக்கிற அளவுக்கு இறங்கும், மருந்து கசியும், காற்றுக்குமிழி சேரும். அப்புறம் சாப்பாடு வருகிறது என்று அறிவிப்பைக் கேட்டதும் ஊசி போட்டுவிடாதீர்கள், தட்டு முன்னால் வந்து உட்காரட்டும். விமானம் குலுங்கினால் சாப்பாட்டு வண்டியைத் திருப்பிக்கொண்டு போய்விடுவார்கள், ஊசி போட்டுவிட்டு வெறும் வயிற்றோடு இருந்தால் சர்க்கரை ரொம்ப இறங்கிவிடும். பையில் நாலு கடலைமிட்டாய் எப்போதும் இருக்கட்டும்.

வருகிற வாரம் அம்மா மறுபடி கிளம்புகிறார், தனியாகத்தான். நேற்று ராத்திரி ஒத்திகை பார்த்தோம். ஃப்ரீசரில் இருந்து ஐஸ் பேக்கை எடுத்துக் கொடுத்தேன். காதோரம் வைத்து ஆட்டிப் பார்த்துவிட்டு, "இன்னும் சத்தம் வரலை, பொறு சாமி" என்று மேஜைமேல் வைத்தார். வைத்துவிட்டு அடுப்படிக்குப் போய்க் கடலைப்பருப்பை ஊறப் போட்டார், ஒப்புட்டுக்கு. எத்தனை என்று நான் கேட்கவில்லை.