அத்தான் அகத்தியர் மலை ஏறுகிறார்

(அம்பாசமுத்திரத்தில் ஒரு ஜெராக்ஸ் கடை. ஜனவரி மாதம், காலை 10.20. பொதிகை மலையின் உச்சியான அகத்தியர்கூடத்துக்கு மூன்று நாள் நடை; அதற்குக் கேரள வனத்துறையின் ஆன்லைன் பதிவு 11 மணிக்குத் திறக்கிறது. கடைக்காரர் மாப்பிள்ளை. ஸ்டூலில் உட்கார்ந்திருப்பவர் அவருடைய அக்கா வீட்டுக்காரர், இரும்புக்கடை வைத்திருக்கிறார், வீட்டிலிருந்து அந்தக் கடைக்கு நாலு கட்டிடம் தாண்டிப் போகவும் ஸ்கூட்டர்தான்.)

அத்தான்: மாப்ளே, கம்ப்யூட்டரைப் போட்டுட்டியா? தெரு முழுக்கச் சொல்லியாச்சு, பொங்கல் கழிந்ததும் பொதிகை ஏறுகிறேன் என்று. பூக்காரம்மா மேலே இருந்து திருநீறு கொண்டுவரச் சொல்லியிருக்கிறது.

மாப்பிள்ளை: இடமே இன்னும் கிடைக்கவில்லை, அதற்குள் திருநீறு ஆர்டரா? பதிவு 11 மணிக்குத்தான் அத்தான். திறந்த கொஞ்ச நேரத்தில் எல்லா நாளும் தீர்ந்துவிடும். அதனால் இப்போதே எல்லாவற்றையும் பேசி முடித்துவிடுவோம். அடையாள அட்டை கொண்டு வந்தீர்களா?

அத்தான்: அதெல்லாம் இருக்கு, இருக்கு. முதலில் வழியைச் சொல்கிறேன், எழுதிக்கோ. பாபநாசம் பஸ் ஏறுகிறோம். காரையாறு. அங்கிருந்து பாணதீர்த்தம், இஞ்சிக்குழி, அப்படியே மேலே. எங்க தாத்தா இப்படித்தான் போனார். இடுப்பில் ஒரு துண்டு, கையில் ஒரு கம்பு, அவ்வளவுதான்.

மாப்பிள்ளை: தாத்தா போனபோது கேட்க ஆளில்லை. 1988-இல் அந்தப் பக்கம் முழுக்கக் களக்காடு முண்டந்துறை புலிகள் காப்பகம் ஆகிவிட்டது. இப்போது அந்த வழியாகக் கம்போடு போனால் செக்போஸ்ட்டிலேயே துண்டோடு திருப்பி அனுப்பிவிடுவார்கள். போக வேண்டியது கேரளா வழியாக. செங்கோட்டை, தென்மலை, குளத்துப்புழை, பாலோடு, விதுரா, அப்புறம் போனக்காடு. நடை அங்கேதான் தொடங்குகிறது.

அத்தான்: என்னலே இது, கொல்லைப்புறத்துக் கிணற்றுக்கு அடுத்த தெருவைச் சுற்றிக்கொண்டு போகிற மாதிரி இருக்கிறது! மலை நம்ம மொட்டைமாடியில் நின்றால் தெரிகிறது. தாமிரபரணி நம்ம வீட்டுக் குழாயில் வருகிறது. அகத்தியர் தமிழ் முனிவர். டிக்கெட் மட்டும் அவர்களிடமா?

மாப்பிள்ளை: அகத்தியரிடம்தான் கேட்க வேண்டும். இந்தப் பக்கம் புலி இருக்கிறது, அந்தப் பக்கம் வெப்சைட் இருக்கிறது.

அத்தான்: சரி விடு. காரை எதுவரை கொண்டு போகலாம்?

மாப்பிள்ளை: போனக்காடு வரை. பழைய தேயிலைத் தோட்டம், பாதி இடிந்து கிடக்கும். அங்கே வனத்துறையின் பிக்கெட் ஸ்டேஷன் என்கிற சோதனைச் சாவடியில் பையைத் திறந்து பார்ப்பார்கள். பிளாஸ்டிக், பீடி, சிகரெட், சாராயம் எதுவும் கூடாது. அங்கிருந்து முதல் நாள் அதிருமலை முகாம் வரை நடை, ஏறக்குறைய 15 கிலோமீட்டர். இரண்டாம் நாள் அங்கிருந்து உச்சிக்கு ஐந்தாறு கிலோமீட்டர் ஏறிவிட்டு அன்றைக்கே முகாமுக்கு இறங்க வேண்டும். மூன்றாம் நாள் மறுபடி 15.

அத்தான்: (விரல் விட்டு எண்ணிப் பார்த்து, எண்ணுவதைப் பாதியில் நிறுத்தி) இடையில் ஆட்டோ ஏதும்...

மாப்பிள்ளை: யானை ஓடும். ஆட்டோ ஓடாது.

அத்தான்: 15 கிலோமீட்டர் ஒன்றும் பெரிதில்லை, மாப்ளே. திருச்செந்தூருக்குப் பாதயாத்திரை போனவன் நான்.

மாப்பிள்ளை: நீங்கள் ஸ்ரீவைகுண்டத்தில் பஸ் ஏறியதை அக்கா இன்னும் சொல்லிக்கொண்டுதான் இருக்கிறது. அது தார் ரோடு, வழியெல்லாம் மோர் கொடுப்பார்கள். இது காடு. கரமனையாறு, அட்டையாறு என்று ஓடை ஓடையாகத் தாண்டிப் போக வேண்டும். நடுவில் வெட்டவெளிப் புல்வெளி வேறு, உச்சி வெயிலில் மாட்டினால் வறுத்துவிடும். அது முடிந்து கடைசியில்தான் செங்குத்தான ஏற்றம். அதில் ஒன்றுக்கு முட்டிடிச்சான் தேரி என்றே பேர்.

அத்தான்: பேரைச் சொல்லியே பயமுறுத்துகிறாயே. அந்த அட்டையாற்றில் அட்டை உண்டா?

மாப்பிள்ளை: மழை இல்லாமல் இருந்தால் ஜனவரியில் குறைவு. மழை பெய்துவிட்டால் உங்களைப் பார்த்ததும் அதற்குக் கல்யாண வீடுதான். உப்பைத் துணியில் முடிந்து கட்டிக்கொள்ள வேண்டும், முழுக்கால் பேண்ட் போட வேண்டும்.

அத்தான்: வேட்டி?

மாப்பிள்ளை: வேண்டாம்.

அத்தான்: மடித்துக் கட்டினால்?

மாப்பிள்ளை: அட்டைக்கு வசதி.

அத்தான்: சரி, பேண்ட் தைக்கக் கொடுத்துவிடுகிறேன். ஷூ நேற்றே வாங்கியாச்சு. பெட்டியைக்கூடப் பிரிக்கவில்லை, மலையில் போய்த்தான் புதுசாகப் போட வேண்டும் என்று பூஜை ரூமில் வைத்திருக்கிறேன்.

மாப்பிள்ளை: இன்றைக்கே எடுத்துப் போடுங்கள் அத்தான், கும்பிட்டுக் கேட்டுக்கொள்கிறேன். புது ஷூவோடு காட்டுக்குள் போனால் மூன்றாவது கிலோமீட்டரில் குதிகால் உரிந்துவிடும், அப்புறம் உங்களை நான்தான் சுமக்க வேண்டும். காலையில் ஐந்து மணிக்கு எழுந்து இந்த ஷூவோடு ஆற்றுப்பாலம் வரை நடந்து பழகுங்கள்.

அத்தான்: ஐந்து மணியா? பனியடிக்குமே.

மாப்பிள்ளை: 1868 மீட்டர் உச்சியில் என்ன அடிக்கும் என்று நினைக்கிறீர்கள்? அங்கே வீசுகிற காற்றில் துண்டு தோளில் நிற்காது. கடைசிப் பாறைகளில் கயிற்றைப் பிடித்துக்கொண்டுதான் ஏற வேண்டும்.

அத்தான்: கயிறா? சொல்ல வேண்டாமா! என் கடையில் பதினாறு எம்எம் நைலான் கயிறு ஒரு சுருள் கிடக்கிறது. கொண்டு போவோம். என்ன, ஒரு பத்துப் பதினைந்து கிலோ இருக்கும், உன் பையில் வைத்துக்கொள்.

மாப்பிள்ளை: அங்கேயே கட்டி வைத்திருக்கிறார்கள். சும்மா வந்தால் போதும். அது சரி, என் பையிலா? உங்கள் பையில் என்ன இருக்கப் போகிறது?

அத்தான்: என் பையையும் நீதானே தூக்கப் போகிறாய். அக்கா புருஷன் பை தூக்கிக்கொண்டு நடந்தால் பார்க்கிறவன் உன்னைத்தான் கேவலமாகப் பேசுவான். உன் மரியாதைக்காகத்தான் சொல்கிறேன்.

மாப்பிள்ளை: (கொஞ்ச நேரம் பேசாமல் மானிட்டரைத் துடைக்கிறார்) என்னென்ன பொருள் என்று சொல்லுங்கள், பார்ப்போம்.

அத்தான்: பெரிதாக ஒன்றும் இல்லை. ஜமுக்காளம், தலையணை. என் தலையணை இல்லாவிட்டால் கழுத்து பிடித்துக்கொள்ளும், அதனால் அது கட்டாயம். ஒரு தூக்குவாளி புளியோதரை, ஒரு தூக்குவாளி தயிர்சாதம், மோர்மிளகாய், முறுக்கு நாலு பாக்கெட், அல்வா ரெண்டு கிலோ, ரேடியோ. அப்புறம் பிளாஸ்க்.

மாப்பிள்ளை: முறுக்கு பாக்கெட் பிளாஸ்டிக், பிக்கெட் ஸ்டேஷனில் நின்றுவிடும். தயிர்சாதம் போனக்காட்டிலேயே புளித்துவிடும். முகாமில் படுக்கப் பாய் கிடைக்கும், கேன்டீனில் கஞ்சியும் பயறும் கிடைக்கும். அல்வா யாருக்கு?

அத்தான்: வழியில் வனத்துறைக்காரர்கள் யாராவது முறைத்தால் கொடுக்க.

மாப்பிள்ளை: தவறிப்போய்க்கூட அதைச் செய்துவிடாதீர்கள். 2018 மார்ச்சில் தேனிப் பக்கம் குரங்கணிக் காட்டுத்தீயில் மலையேறப் போனவர்கள் இருபதுக்கும் மேல் பேர் செத்துப் போனார்கள். அதற்கப்புறம் மலையேற்றம் என்றாலே எங்கேயும் கெடுபிடிதான், அதில் நியாயமும் இருக்கிறது. வழிகாட்டி சொல்கிற இடத்தில் நிற்க வேண்டும், சொல்கிற நேரத்தில் கிளம்ப வேண்டும். பீடி பற்ற வைக்கிற உங்கள் சிநேகிதர் கூட வருகிறேன் என்று சொன்னால் முதலிலேயே வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள்.

அத்தான்: அவன் வரவில்லை. அவனுக்கு மூச்சு வாங்குமாம். அதைச் சொல்லும்போதே அவனுக்கு வாங்கியது. ஆனால் மூச்சுக்கு நான் ஒரு வழி கண்டுபிடித்திருக்கிறேன், மாப்ளே. ஆரோக்கியப்பச்சை! அந்த மலையில் இருக்கிற காணிக்காரப் பழங்குடிகள் தின்கிற செடி. 1987-இல் ஆராய்ச்சிக்குப் போன விஞ்ஞானிகள் எல்லாம் நடக்க முடியாமல் நாக்குத் தள்ளிப் போய்விட்டார்களாம். கூட வந்த காணிக்காரர்கள் ஏதோ பழத்தைத் தின்றுகொண்டு சும்மா தெம்பாக ஏறியிருக்கிறார்கள். அதை வாங்கித் தின்ற பிறகுதான் விஞ்ஞானிகளுக்கும் உயிர் வந்ததாம். யூடியூபில் பார்த்தேன்.

மாப்பிள்ளை: கதை நிஜம்தான். அதிலிருந்துதான் ஜீவனி என்று மருந்தே செய்தார்கள், அதில் வந்த பணத்தில் காணிக்காரர்களுக்கும் பங்கு கொடுத்தார்கள். உலகம் முழுக்கப் பேசின விஷயம்.

அத்தான்: அப்படியென்றால் எதற்கு ஐந்து மணிக்கு எழுந்து நடக்க வேண்டும்? போகிற வழியெல்லாம் ஒவ்வொரு பழமாகப் பிடுங்கித் தின்றுகொண்டே...

மாப்பிள்ளை: காட்டுக்குள் ஒரு இலையைக் கிள்ளினாலே வழக்கு. வழக்குக்கு நெடுமங்காடு கோர்ட்டுக்கு வாய்தா வாய்தாவாக அலைய வேண்டும். அதற்கு அந்த மலையையே நாலு தடவை ஏறி இறங்கிவிடலாம்.

அத்தான்: உன்னிடம் எதைச் சொன்னாலும் அதற்கு ஒரு சட்டம் வைத்திருக்கிறாய். அகத்தியர் எந்த வெப்சைட்டில் பதிவு பண்ணினார்? குள்ள முனிவர், இவ்வளவு உயரம்தான் இருப்பார், சிவன் கல்யாணத்துக்குக் கூட்டம் கூடி வடக்கு தாழ்ந்துவிட்டது என்று அவர் ஒருவரைத் தெற்கே அனுப்பினார்கள், பூமி நேராகிவிட்டது. அவரே ஏறும்போது நான் ஏற மாட்டேனா?

மாப்பிள்ளை: எடை விஷயத்தில் உங்கள் மேல் எனக்கு முழு நம்பிக்கை இருக்கிறது அத்தான். நீங்கள் ஏறினால் பூமி மறுபடியும் சாயும். அதனால்தான் மருத்துவச் சான்று கேட்கிறார்கள். மலை ஏற உடம்பு தகுதியாக இருக்கிறது என்று டாக்டர் கையெழுத்துப் போட வேண்டும்.

அத்தான்: டாக்டரா? அவர் பிரஷர் பார்ப்பாரே.

மாப்பிள்ளை: பார்ப்பார்.

அத்தான்: சுகர்?

மாப்பிள்ளை: அதையும் பார்த்தால் நல்லது.

அத்தான்: மாட்டு டாக்டர் ஒருத்தர் எனக்கு ரொம்பப் பழக்கம்...

மாப்பிள்ளை: மணி 10.45. உங்களுக்கு இஷ்டமில்லை என்றால் இப்போதே சொல்லிவிடுங்கள், அக்காவுக்குப் போட்டுவிடுகிறேன். 2018 கடைசியில் கேரள உயர் நீதிமன்றம் சொன்ன தீர்ப்புக்கு அப்புறம், 2019-லிருந்து பெண்களும் உச்சி வரை போகிறார்கள். அக்கா தினமும் ரெண்டு குடம் தண்ணீரோடு மூன்று மாடி ஏறுகிறது. மூச்சு வாங்கி நான் பார்த்ததே இல்லை.

அத்தான்: உங்க அக்கா ஏறிவிட்டு வந்தால் அப்புறம் நான் இந்த ஊரில் குடியிருக்க முடியுமாலே? போடு, என் பேரையே போடு. போனக்காட்டில் ஏதோ பேய் பங்களா இருக்கிறது என்கிறார்களே, அது போகிற வழியிலா?

மாப்பிள்ளை: கதை அப்படித்தான் சொல்கிறார்கள். நாம் பகலில்தான் போகிறோம். அடையாள அட்டையைக் கொடுங்கள்.

அத்தான்: உன் அட்டை இருக்கிறதே, போதாதா? குடும்பத்துக்கு ஒன்று.

மாப்பிள்ளை: இது ரேஷன் இல்லை. ஆளுக்கொன்று வேண்டும்.

அத்தான்: நம்பரை மட்டும் சொன்னால் போதுமா? எழுதிக்கோ...

மாப்பிள்ளை: பேர், வயது எல்லாம் அட்டையில் இருக்கிற மாதிரியே போட வேண்டும். வாசலில் ஒரிஜினலைக் காட்டச் சொல்வார்கள். 10.55 ஆகிவிட்டது, கொடுங்க.

(அத்தான் பர்ஸைத் திறக்கிறார். காய்கறிச் சீட்டு, பெருமாள் படம், தேதி முடிந்த கியாரண்டி கார்டு எல்லாம் வெளியே வந்தபின், லேமினேஷன் ஓரம் பிரிந்த ஆதார் அட்டை வருகிறது. பிறந்த தேதி மேல் கட்டைவிரலை அழுத்தி வைத்துக்கொண்டே நீட்டுகிறார்.)

மாப்பிள்ளை: விரலை எடுங்கள்.

அத்தான்: ஆணியடித்ததில் நகம் கொஞ்சம் வலிக்கிறது, அப்படியே இருக்கட்டும்.

மாப்பிள்ளை: (அட்டையைப் பிடுங்கி) 19... 69? அத்தான், உங்களுக்கு ஐம்பதாவது பிறந்தநாள் என்று போன வருஷம்தானே கேக் வெட்டினோம்?

அத்தான்: ஆதாரில் எல்லாருக்கும் தப்பாகத்தான் போடுகிறார்கள். என்ன கம்ப்யூட்டரோ.

மாப்பிள்ளை: பெண் பார்க்க வந்தபோது இருபத்தெட்டு என்றீர்களே! எங்கள் அப்பா ஜாதகம் கேட்டதற்கு உங்கள் அம்மா என்ன சொன்னார்கள்? 92 வெள்ளத்தில் தாமிரபரணி கொண்டு போய்விட்டது என்று சொன்னார்கள். புதுசாக எழுதி வேறு கொடுத்தீர்கள், பத்துப் பொருத்தமும் இருந்தது!

அத்தான்: இருந்தது இல்லையா? பொருத்தம் இருந்தால் போதாதா?

மாப்பிள்ளை: உங்கள் ஆதார் வேலை, பான் வேலை எல்லாவற்றுக்கும் எதிர்க்கடைக்குப் போனீர்களே. கூட்டம் குறைவாக இருக்கிறது என்று காரணம் சொன்னீர்களே. நானும் என் கடையில்தான் ஏதோ குறை என்று புது ஃபேன் மாட்டினேன்!

அத்தான்: மெதுவாகப் பேசு மாப்ளே. உங்க அக்கா கத்தரிக்காய் வாங்க இந்தப் பக்கம்தான் வரும். இங்கே பார், பை நீ தூக்க வேண்டாம். என் பையை நானே தூக்குகிறேன்.

மாப்பிள்ளை: என் பை?

அத்தான்: அதையும் நான்தான் தூக்குகிறேன்.

மாப்பிள்ளை: காலை நடை?

அத்தான்: நாலரைக்கே வருகிறேன், போதுமா? மணியைப் பார், மணியைப் பார்!

மாப்பிள்ளை: 11.08. (திரும்பி மவுஸைத் தட்டுகிறார். பக்கம் சுற்றுகிறது, சுற்றுகிறது, வந்து நிற்கிறது.) எல்லா நாளும் முடிந்துவிட்டது, அத்தான்.

அத்தான்: (முகத்தில் வந்த சந்தோஷத்தைத் துண்டால் மூடிக்கொண்டு) அடடா. அடடா! கொடுத்து வைக்கவில்லை பார். சரி, அந்த அட்டையைக் கொடு, நான் கடைக்குப் போகிறேன்.

மாப்பிள்ளை: இந்தாங்க. ஜெராக்ஸ் ரெண்டு காப்பி எடுத்தாச்சு.