அசிர்பா வேடமும் 1899 சட்டமும்

ஜப்பானியப் படமான 'கோல்டன் கமுய்' (2024) பற்றி ஒரு கட்டுரை படித்தேன். வட ஜப்பானின் பூர்வகுடிகளான ஐனு மக்களைச் சேர்ந்த சிறுமி அசிர்பாவாக ஐனு அல்லாத நடிகை நடித்ததை அது கண்டிக்கிறது. நியாயமான கேள்விதான். ஆனால் ஐனு மொழிக்காகப் படக்குழு எடுத்த சிரத்தையையும் சொல்லியிருக்கலாம். ஜப்பானியத்தில் அசைகள் பெரும்பாலும் உயிரொலியில் முடியும். ஐனு மொழியிலோ ர், க், ப் என மெய்யிலும் முடியும். பயிற்சி இல்லாத வாயில் அசிர்பா 'அசிருபா' ஆகிவிடும். படத்தின் ஐனு வசனங்களுக்கு மொழியறிஞர் நாககாவா ஹிரோஷியின் மேற்பார்வை அதனால்தான் முக்கியம்.

எனக்கு உறுத்துவது வேறு. கதை நடப்பது 1904–05 ரஷ்ய-ஜப்பானியப் போருக்குப் பிந்தைய ஹொக்கைடோவில், ஜப்பானின் வடக்குத் தீவில். அதற்குள் மான் வேட்டைக்கும் சால்மன் பிடிப்புக்கும் அன்றைய ஜப்பானிய அரசான மெய்ஜி அரசு கட்டுப்பாடு போட்டாயிற்று. ஐனு மக்களுக்கென அது 1899-இல் போட்ட சட்டம் அவர்களை உழவுக்குத் தள்ளியது. 1997 வரை அந்தச் சட்டம் ரத்தாகவில்லை. வேட்டையையும் சமையலையும் இவ்வளவு அக்கறையாகக் காட்டிய படம், இந்த நெருக்கடிக்கும் நாலு காட்சி ஒதுக்கியிருக்க வேண்டும்.