அந்தப் பொண்ணைத் திட்டி முடிச்சாச்சா?

எந்த வீடியோ என்று நான் சொல்ல வேண்டியதில்லை. பாட்டியைப் பார்த்துக்கொள்ள ஏஜென்சி அனுப்பிய பொண்ணு, அவரை வீல்சேரில் உட்கார வைக்கும்போது கீழே போட்டுவிடுகிற வீடியோதான். சேலத்தில் வாட்ஸ்அப் வைத்திருக்கிற எல்லோருக்கும் வந்திருக்கும். எனக்கே சொந்தத்தில் நாலைந்து பேர் அனுப்பிவிட்டார்கள். ஒருவர் மேலே "இவளுங்களை நம்பி பெரியவங்களை விடாதீங்க" என்று எழுதி, கீழே கைகூப்புகிற பொம்மையும் போட்டிருந்தார். என்ன பக்தியோ.

நீங்கள் எல்லோரும் அந்தப் பொண்ணு பாட்டியைக் கீழே போட்டதைப் பார்த்தீர்கள். நான் வீல்சேரைப் பார்த்தேன். பிரேக் போடவில்லை. பாட்டியின் கனம் விழுந்ததும் சேர் பின்னால் நகர்கிறது. கால் வைக்கும் தகட்டை மடக்கவில்லை, பாட்டியின் பாதம் அதில் போய் இடிக்கிறது. அந்தப் பொண்ணு இரண்டு அக்குளிலும் கை கொடுத்துத் தூக்குகிறாள். அப்படித் தூக்கவே கூடாது. பக்கவாதம் வந்த கை என்றால் தோள்பட்டை இறங்கிவிடும். நல்ல கை கால் இருக்கிற பக்கமாக சேரைப் போட்டு, பிரேக்கைப் போட்டு, இடுப்பில் பெல்ட் கட்டி அதைப் பிடித்துத்தான் எழுப்ப வேண்டும். கனமான ஆள் என்றால் இரண்டு பேர் வேண்டும். அவளுக்கு இதில் ஒன்றும் தெரியவில்லை. சரி, ஒன்றும் தெரியாத பொண்ணை அந்த வீட்டுக்கு அனுப்பியது யார்?

நான் கேட்பது இது ஒன்றைத்தான். வீடியோவில் அவள் முகம் பளிச்சென்று இருக்கிறது. அவளை அனுப்பி, மாதாமாதம் பணம் வாங்கிக்கொண்டிருந்த ஏஜென்சியின் பெயர் எங்கேயாவது இருக்கிறதா? எய்தவன் இருக்க அம்பை நோவானேன் என்று ஸ்கூலில் எல்லோரும் படித்தோம். மார்க் வாங்கியதோடு சரி.

எங்கள் அத்தை, அதாவது என் மாமியார், படுத்த படுக்கையாக இருந்தபோது நாங்களும் ஏஜென்சியில்தான் ஆள் வைத்தோம். அக்ரிமென்ட் ஒன்று கொடுத்தார்கள். முழுதாகப் படித்தேன். பொண்ணை நாங்கள் நேரடியாக வேலைக்கு வைத்துக்கொண்டால் இவ்வளவு அபராதம். அட்வான்ஸ் திரும்ப வராது. ஆளை மாற்றச் சொன்னால் தனிக் கட்டணம். சாப்பாடு, சோப்பு, எண்ணெய் எங்கள் பொறுப்பு. எல்லாம் இருந்தது. வருகிற பொண்ணு என்ன படித்திருக்கிறாள், யாரிடம் ட்ரெயினிங் எடுத்தாள், பேஷன்ட் கீழே விழுந்தால் முதலில் யாரைக் கூப்பிட வேண்டும், அதற்கு ஒரு வரி கிடையாது. கேட்டேன். "எல்லாம் போலீஸ் வெரிஃபிகேஷன் முடிச்ச ஆளுங்க மேடம்" என்றார் அந்த மேனேஜர். வெரிஃபிகேஷன் நல்லதுதான், தமிழ்நாடு போலீஸ் இணையதளத்தில் நாமே விண்ணப்பிக்கலாம். ஆனால் அது பீரோவுக்குப் பாதுகாப்பு. கட்டிலில் கிடக்கிறவருக்கு என்ன பாதுகாப்பு?

எங்களுக்கு முதலில் வந்த பொண்ணு ஏற்காட்டில் நாகலூர் பக்கம். காப்பித் தோட்டத்தில் வேலை பார்த்தவள். கெட்டிக்காரி. மக்களைத் தேடி மருத்துவத்தில் எங்கள் தெருவுக்கு வருகிற நர்ஸ், அத்தையின் குதிகாலில் சிவப்பாக ஓர் இடத்தைப் பார்த்துவிட்டு, தலையணையை குதிகாலுக்குக் கீழே வைக்காதே, கெண்டைக்காலுக்குக் கீழே வை, குதிகால் எதிலும் படாமல் அந்தரத்தில் நிற்கணும் என்று காட்டிக் கொடுத்தார். அவ்வளவுதான். அன்றிலிருந்து ஒரு பழைய கோடு போட்ட நோட்டில், இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை இடது, வலது, மல்லாக்க என்று எழுதி வைத்துத் திருப்பிப் படுக்க வைத்தாள். அத்தை போகிற வரைக்கும் பெரிய படுக்கைப்புண் என்று ஒன்று வரவில்லை. சொல்லிக் கொடுத்தால் செய்கிறார்கள் ஐயா. சொல்லிக் கொடுத்தது அரசாங்க நர்ஸ், மாதம் 28,000 வாங்கிய ஏஜென்சி இல்லை. அவள் கைக்குப் போனது 17,000 என்று அப்புறம் அவள் சொல்லித்தான் தெரியும்.

2024 டிசம்பரில் ஃபெஞ்சல் புயல் மழையில் ஏற்காடு மலைப்பாதை சரிந்து போக்குவரத்தை நிறுத்தினார்களே, அப்போது லீவில் ஊருக்குப் போயிருந்தாள். இறங்கி வர வழியில்லை. ஊரில் கரண்டும் இல்லை, டவரும் இல்லை. ஏஜென்சி மாற்று ஆள் அனுப்பியது. இருபது வயதுகூட இருக்காது. முந்தின வாரம் வரை கொலுசுப் பட்டறையில் வேலையாம். அத்தைக்கு அப்போது மூக்கில் டியூப். நான் அடுப்படியிலிருந்து வந்து பார்க்கிறேன், அத்தையைத் தலை சாய்ந்து படுத்த வாக்கிலேயே வைத்து, சிரிஞ்சில் கஞ்சியை ஏற்றித் தள்ளப் போகிறாள். கையைப் பிடித்து நிறுத்தினேன். தலைப்பக்கம் நன்றாக உயர்த்தி வைக்கணும், மூக்கு ஓரத்தில் டியூப்பில் போட்ட குறி இடம் மாறாமல் இருக்கிறதா பார்க்கணும், மெதுவாக விடணும், கொடுத்த பிறகும் ஒரு மணி நேரமாவது சாய்த்தே வைக்கணும். இல்லையென்றால் கஞ்சி நுரையீரலுக்குப் போகும், அப்புறம் நிமோனியா. அந்தப் பொண்ணு நடுங்கிப் போய், "எனக்கு இதெல்லாம் தெரியாதுங்க்கா, வயசானவங்களுக்குத் துணைக்கு இருந்தா போதும்னுதான் சொன்னாங்க" என்றாள்.

அன்றைக்கு அத்தைக்கு ஏதாவது ஆகி, எங்கள் வீட்டு கேமராவிலும் அது பதிவாகி இருந்தால்? அந்தப் பொண்ணு முகத்தையும் இதே மாதிரி ஊர் முழுக்க அனுப்பியிருப்பீர்கள்.

சட்டம் இல்லையா என்று கேட்கிறவர்களுக்கு. பெற்றோர், மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டம் 2007இல் வந்தது. அது பிள்ளைகளிடம் ஜீவனாம்சம் வாங்கித் தருவதைப் பேசுகிறது, முதியோர் இல்லத்தைப் பேசுகிறது. வீட்டுக்கு ஆள் அனுப்பும் கம்பெனியைப் பேசவில்லை. அதையும் சேர்த்து, இந்த நிறுவனங்கள் பதிவு செய்ய வேண்டும், குறைந்தபட்சத் தரம் வைக்க வேண்டும் என்று 2019 டிசம்பரில் ஒரு திருத்த மசோதா மக்களவைக்கு வந்தது. நிலைக்குழுவுக்குப் போனது, அறிக்கையும் வந்தது. 2024இல் அந்த மக்களவை கலைந்ததோடு மசோதாவும் காலாவதி. இதற்காக ஒரு டிவி விவாதம் பார்த்தீர்களா? ஒரு ஃபார்வர்டு? கடைவீதியில் தட்டுவடை செட் போடுகிறவர்கூட உணவுப் பாதுகாப்புத் துறையில் பதிவு பண்ணியிருக்க வேண்டும். என் அத்தையின் மூக்கில் டியூப் வழியாகக் கஞ்சி விட ஆள் அனுப்புகிற கம்பெனிக்கு ஒரு விசிட்டிங் கார்டு போதும்.

"அவ போன் பாத்துக்கிட்டே இருந்தா, அதையும் பாருங்க மேடம்" என்று ஒருவர் எழுதியிருக்கிறார். பார்த்தேன். அது தப்புதான், நான் இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் அது 24 மணி நேர டியூட்டி. ஆஸ்பத்திரியில் நர்ஸுக்கு ஷிப்ட் உண்டு, முடிந்ததும் அடுத்த ஆள் வருவார். இவளுக்கு யார் வருவார்? ராத்திரி நாலு தடவை எழுந்து டயபர் மாற்றியவள் பகலில் பத்து நிமிஷம் போன் பார்த்தால் கொலைக் குற்றமா? நீங்கள் ஆபீஸில் உட்கார்ந்துகொண்டு இந்தப் பதிவுக்குக் கமெண்ட் போடவில்லையா?

"ரூல் கொண்டு வந்தால் ரேட் ஏறும், நடுத்தரக் குடும்பம் எங்கே போகும்?" நியாயமான கேள்வி. ஏறத்தான் செய்யும். அரசாங்கம் தாங்கட்டும், இன்ஷூரன்ஸில் சேர்க்கட்டும், ஏதாவது வழி பண்ணட்டும். இப்போது மட்டும் மலிவாகவா இருக்கிறது?

அடுத்தது, எனக்குப் பற்றிக்கொண்டு வந்த கமெண்ட். "அந்தக் காலத்துல மருமகளுங்களே பாத்தாங்க, ஏஜென்சியாவது ஒண்ணாவது. இப்ப பெத்தவங்களைக் கூலிக்கு விட்டுட்டு நியாயம் பேசறாங்க." எழுதியவர் எங்கள் சொந்தக்காரர். பெயர் சொல்லமாட்டேன், படித்துக்கொண்டிருப்பார். அந்தக் காலத்தில் மூக்கில் டியூப்போடு யாரையும் வீட்டுக்கு அனுப்பவில்லை. இன்றைக்கு ஆஸ்பத்திரியில் டிஸ்சார்ஜ் ஷீட்டோடு டியூப், யூரின் பை, ஆக்சிஜன் மெஷின் எல்லாவற்றையும் கையில் கொடுத்து "வீட்ல வச்சுப் பாருங்க" என்கிறார்கள். வீடு வார்டாகிவிட்டது, நான் வேலைக்குப் போகிறவள், என் வீட்டுக்காரருக்கு முதுகுத் தண்டில் ஆபரேஷன் ஆனது. யார் தூக்குவது? நீங்கள் வந்தீர்களா? ஆடியில் கோட்டை மாரியம்மன் பண்டிகைக்கு வந்தீர்கள், அத்தை தலைமாட்டில் இரண்டு ஆப்பிள் வைத்தீர்கள், "நல்லா பாத்துக்கம்மா" என்றீர்கள், காப்பி குடித்தீர்கள். அத்தையால் ஆப்பிளை மெல்ல முடியாது என்பதுகூட உங்களுக்குத் தெரியாது.

ஆஸ்திரேலியாவில் இருந்து கொழுந்தனார் கேமராவில் பார்ப்பார். பார்க்கட்டும், அவருக்கும் தாய்தானே. ஆனால் கேமராவில் பார்த்துவிட்டு போன் போட்டு, "அண்ணி, அம்மா வாய் ஓரத்துல எச்சில் வடியுது, அந்தப் பொண்ணு கவனிக்கல" என்பார். அந்த எச்சிலை அதற்கு முன் அவள் எத்தனை முறை துடைத்தாள் என்பதையும் அதே கேமராதான் காட்டியது. இந்த வீடியோவை ஊருக்கு விட்டவரும் இப்படி எங்கேயோ தூரத்தில் உட்கார்ந்திருக்கிற பிள்ளைதான் என்று கேள்வி. அவர் கோபம் எனக்குப் புரிகிறது. ஏஜென்சி மேல் மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போங்கள் சார். 2019 நுகர்வோர் சட்டத்தில் சேவைக் குறைபாடு என்று வழக்குப் போடலாம். பெரியவர்கள் விஷயத்துக்கு என்றே 14567 என்று எல்டர்லைன் இருக்கிறது, காலை 8 மணியிலிருந்து இரவு 8 வரை எடுக்கிறார்கள். சம்பளத்துக்கு வந்த பொண்ணின் முகத்தை ஊருக்கு விடுவது எதில் சேர்த்தி?

இதற்கும், "நீ ஏன் அவளுக்கு வக்காலத்து?" என்று வரும். பாட்டிக்குத்தான் வக்காலத்து. அந்தப் பொண்ணை அந்த ஏஜென்சி வேலையை விட்டு நிறுத்திவிட்டதாம். பெருமையாக ஒருவர் "நீதி கிடைத்தது" என்று போட்டிருக்கிறார். அதே பாட்டி வீட்டுக்கு இதற்குள் வேறு பொண்ணு போயிருப்பாள். அவளுக்கு வீல்சேர் பிரேக் எங்கே இருக்கிறது என்று யாராவது காட்டினார்களா? கேட்டுச் சொல்லுங்கள்.

அந்த வீடியோவை வைத்திருக்கிறவர்கள் அழித்துவிடுங்கள், எனக்கு இனிமேல் அனுப்பாதீர்கள். திட்டுகிறவர்கள் கீழே திட்டிக்கொள்ளலாம், எதையும் அழிக்கமாட்டேன். நாளைக்கு அத்தைக்குத் திதி, சமையல் கிடக்கிறது, பதில் சொல்ல லேட்டாகும்.