வாசிகசாலைச் சுவர் பற்றிக் கடைசியாக ஒரு தடவை

இரண்டு நாட்களாக வாயை மூடிக்கொண்டு இருந்தேன். நேற்று இரவு என் கொமண்டை ஸ்கிரீன்ஷொட் எடுத்து, மேலே சிரிப்புப் பொம்மை ஒட்டி, மூன்று வட்ஸ்அப் குழுக்களில் சுற்ற விட்டிருக்கிறார்கள். அதற்குப் பிறகும் பேசாமல் இருந்தால் பயந்துவிட்டேன் என்றுதான் நினைப்பார்கள். ஆகவே எழுதுகிறேன். நீளமாகத்தான் வரும். பொறுமை இல்லாதவர்கள் இப்போதே பொம்மையைப் போட்டுவிட்டுக் கிளம்பலாம்.

நடந்தது ஊருக்கே தெரியும். வாசிகசாலைச் சுவரில் யாரை வரைவது என்று வாக்கெடுப்பு. சினிமா நடிகர் முதலிடம், கிரிக்கெட் முரளி இரண்டாமிடம். நான் முல்லோயா கோவிந்தன் என்று எழுதினேன். அவருக்குக் கிடைத்தது ஒரு வாக்கு, அதுவும் நான் போட்டது. சரி, தோற்றால் தோற்றதுதான். ஆனால் கீழே ஒரு கேள்வி வந்தது பாருங்கள்: "யாரு டீச்சர் அது, உங்க சொந்தக்காரரா?" கூலி உயர்வு கேட்ட வேலைநிறுத்தத்தில் பொலிஸ் சுட்டு இறந்த தோட்டத் தொழிலாளி என்று பதில் சொன்னேன். உடனே இன்னொரு தம்பி: "சூடு பட்டுச் செத்தவன் எப்படி ஹீரோ? ஹீரோன்னா ஜெயிக்கணும்."

அந்த ஒரு வரிதான் இரண்டு நாளாக என்னைத் தூங்க விடவில்லை. கோவிந்தனுக்காக மட்டும் வந்த வருத்தம் இல்லை இது. யாரை அண்ணாந்து பார்க்கிறோமோ, அதில் நம் மனதில் எது உசத்தி, எது தாழ்த்தி என்பது வெளியே வந்துவிடும். வாக்கெடுப்பு நடிகரைப் பற்றி எனக்கு எதுவும் சொல்லவில்லை. நம்மைப் பற்றித்தான் சொன்னது.

ஜேம்ஸ் டெய்லரைத் தெரியுமா என்று எட்டாம் வகுப்பில் கேட்டால் பாதிக் கைகள் உயரும். 1867இல் லூல்கந்துரத் தோட்டத்தில் இலங்கைக்கே முதன்முதலாக வியாபாரத்துக்குத் தேயிலை போட்ட வெள்ளைக்காரர். அவர் உட்கார்ந்த கல் இருக்கையில் இன்றைக்கும் ஆட்கள் உட்கார்ந்து படம் எடுக்கிறார்கள். 1892இல் இறந்தபோது அவருடைய சவப்பெட்டியை அங்கிருந்து கண்டி மஹியாவ கல்லறை வரைக்கும் சுமந்து போனார்கள். ஆள் நல்ல பாரமாம், 24 பேர், பன்னிரண்டு பன்னிரண்டாக மாறி மாறித் தூக்கினார்கள் என்பார்கள். பெட்டிக்குள் இருந்தவரின் பேர் கல்லில் வெட்டியிருக்கிறது. தூக்கிய 24 பேரில் ஒருவரின் பேராவது நமக்குத் தெரியுமா? அதில் ஒருவர் உங்கள் பாட்டனுக்குப் பாட்டனாக இருந்திருக்கலாம் தம்பி. சொந்தக்காரரா என்று கேட்டீர்களே, அதற்காகச் சொல்கிறேன்.

லூல்கந்துர மாதிரி முல்லோயாத் தோட்டமும் ஹேவாஹெட்டப் பக்கம்தான். கூலி உயர்வு கேட்டு வேலைநிறுத்தம் செய்தார்கள். 1940 ஜனவரி 10ஆம் திகதி பொலிஸ் சுட்டதில் கோவிந்தன் இறந்தார். நாற்காலி கேட்டு நின்றவர் இல்லை, பிறந்தநாளுக்குக் கேக் வெட்ட ஆள் வைத்திருந்தவரும் இல்லை. (இதைப் படித்ததும் யாருக்குக் கோபம் வரும் என்று தெரியும். வரட்டும்.)

"ஜெயிக்கணும்" என்ற தம்பிக்கு இன்னொரு பேர் சொல்கிறேன். சிவனு லெட்சுமணன். 1977 மே 11, டெவன் தோட்டம். நுவரெலியா மாவட்டத்தில் 7000 ஏக்கர் தோட்டக் காணியைப் பிரித்து வெளியாட்களுக்குக் கொடுக்கப் பார்த்தபோது எதிர்த்து நின்ற கூட்டத்தில் இருந்தவர். அவரும் பொலிஸ் சூட்டில்தான் செத்தார். அந்தக் காணி பிரிபடவில்லை. ஆள் செத்தார், மண் மிஞ்சியது. இது உங்கள் கணக்கில் வெற்றியா தோல்வியா? டெவன் நீர்வீழ்ச்சி முன்னால் வண்டியை நிறுத்தி நீங்கள் செல்பி எடுக்கிற அந்தப் பக்கத்தில்தான் நடந்தது. போன மாதம் நீங்கள் போட்ட படத்துக்கு நானும் லைக் போட்டேன்.

இனி எனக்கு வரப்போகும் பதில்களுக்கு வருகிறேன்.

"பொடியன்கள் ஆசைப்பட்டு ஏதோ செய்கிறார்கள், ஏன் மண்ணைப் போடுகிறீர்கள்?" நான் போடவில்லை. பெயிண்டுக்கு இரண்டாயிரம் ரூபா தருவதாகச் சொன்ன ஒரே ஆள் நான்.

"முரளி நம்ம ஆள்தானே?" நம்ம ஆள்தான். அவருடைய தாத்தாவும் தோட்டத்துக்கு வேலைக்கு வந்தவர்தான். 800 விக்கெட், யாருக்குத்தான் பெருமை இல்லை. அவரை வரையுங்கள், எனக்கு ஆட்சேபணை இல்லை. அடுத்தது.

"உங்க அப்பா மட்டும் என்ன, எம்.ஜி.ஆர். படத்தை மாட்டி வைக்கலையா?" இதை யாராவது கேட்பார்கள் என்று தெரிந்துதான் இரண்டு நாள் தயங்கினேன். ஆமாம், மாட்டி வைத்தார். கண்டிப் பக்கம் பிறந்தவர் என்பதில் அப்பாவுக்கு என்னமோ அவரே தூக்கி வளர்த்த மாதிரி ஒரு பெருமை. எங்கள் காம்பராவில், அதாவது லயத்து வரிசை வீட்டு அறையில், சாமிப் படத்துக்குப் பக்கத்தில் அவர் படம், அதற்குக் கீழே தொட்டில் கட்டுகிற கயிறு. அப்பா தேயிலைச் செடியைக் கத்தியால் கழிக்கிற கவ்வாத்து வேலைக்காரர். சம்பளம் போட்ட வாரம் டவுனுக்கு நடந்தே போய்ப் படம் பார்ப்பாராம். முதலாளி கையிலிருந்து சாட்டையைப் பிடுங்கித் திருப்பி விளாசுகிற கட்டம் வந்தால் எழுந்து நின்று விசில் அடிப்பாராம். மறுநாள் விடிய முன் அதே அப்பா, வேலைக்கு ஆள் பிரிக்கிற பெரட்டுக்களத்தில் தோட்டத்துத் துரையின் வண்டிச் சத்தம் கேட்டவுடனே தலையில் கட்டியிருந்த துண்டை அவிழ்த்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டு நிற்பார். சின்னப் பிள்ளையில் அதை நான் பார்த்திருக்கிறேன். அந்த விசில் எங்கிருந்து வந்தது என்று ரொம்பக் காலம் கழித்துத்தான் புரிந்தது. தன்னால் முடியாததைத் திரையில் ஒருத்தர் செய்தார், அப்பா விசில் அடித்தார். ஆகவே சினிமா ரசிகர்களை நான் கேவலமாகப் பார்க்கிறேன் என்று சொல்லாதீர்கள். அப்பாவுக்குத் தேவைப்பட்டது சாட்டையைப் பிடுங்குகிற கை. இன்றைக்கு நீங்கள் தேடுவது என்ன? அவர் போடுகிற கூலிங் கிளாஸா?

வேஷம்தான் வேண்டுமென்றால் தோட்டத் தொழிலாளருக்குச் சங்கம் கட்டிய நடேசய்யரைப் பாருங்கள். வெளியாள் தோட்டத்துக்குள் காலை வைத்தாலே குற்றம் என்றிருந்த காலத்தில் புடவை வியாபாரி வேஷத்தில் உள்ளே போனவர் என்பார்கள். அவர் மனைவி மீனாட்சி அம்மை பாட்டுப் பாடியே கூட்டம் சேர்த்தவர். அண்ணாந்து பார்க்கிறதைத் தன் இடத்திலேயே தேடுகிற புத்தி நம் கிழவன் கிழவிகளுக்காவது இருந்தது. தொழிற்சாலை ரோதைச் சக்கரம் கையை இழுத்துவிடாமல் இருக்க ரோதைமுனி, கத்தி காலில் இறங்காமல் இருக்க கவ்வாத்துசாமி என்று வேலை செய்த இடத்திலேயே சாமியைக் கண்டுபிடித்தார்கள்.

ஒரு பெரியம்மாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். பேர் வேண்டாம், அவர் பிள்ளைகள் இதைப் படிப்பார்கள். எங்கள் தோட்டத்தில் கொழுந்து நிறுக்கும்போது சாக்குக்கு என்றும் ஈரத்துக்கு என்றும் கிலோ கிலோவாகக் கழிப்பார்கள். மழை பெய்தாலும் கழிவு, வெயில் அடித்தாலும் கழிவு. ஒருநாள் பெரியம்மா கொழுந்தைக் கொட்டிவிட்டு வெறும் சாக்கைத் தராசில் மாட்டி, "இப்ப சொல்லுங்க, சாக்கு எவ்வளவு?" என்று கேட்டார். முள் அசைந்ததாகவே தெரியவில்லை. வரிசையில் நாற்பது பொம்பிளைகள் நின்றார்கள். ஒருத்தர் வாய் திறக்கவில்லை. பெரியம்மாவுக்கு அந்தக் கிழமை முழுக்க அரைப்பேர், அதாவது அரை நாள் சம்பளம்தான்.

அந்த வரிசையில் என் அம்மாவும் நின்றார். அப்புறம் லயத்தில் பெரியம்மாவுக்கு என்ன பேர் வைத்தார்கள் தெரியுமா? வாயாடி. தண்ணீர் பிடிக்கிற பீலியடியில் நானும் அப்படித்தான் சொல்லியிருக்கிறேன், பெரியவர்கள் சொன்னதைக் கேட்டு. அவருடைய சாவு வீட்டுக்கு நான் போகவில்லை. பரீட்சை இருந்தது.

"டவுனில் வாடகை வீட்டில் இருந்துகொண்டு தோட்டத்துக்குப் புத்தி சொல்கிறாள்" என்று எழுதியவருக்கு: உண்மைதான். கூடவே இதையும் எடுத்துக்கொள்ளுங்கள், ஸ்கிரீன்ஷொட்டுக்கு நன்றாக வரும். கோவிந்தன் என்ற பேரை நானே பல்கலைக்கழகத்துக்குப் போன பிறகுதான் கேள்விப்பட்டேன். எனக்கு ஒரு டீச்சரும் சொல்லித் தரவில்லை. நான் டீச்சராகிப் பதினொரு வருடம். "யாரு அது?" என்று கேட்ட தம்பி என்னிடம் மூன்று வருடம் படித்தவன்.

நேற்று அம்மாவிடம் சண்டை முழுவதையும் சொன்னேன். கேட்டுவிட்டு, "அந்த சுவத்துல முந்தி ஒரு கொழுந்து பறிக்கிறவ படம் இருந்துச்சே, அத என்ன பண்ணுனாங்க?" என்றார். வெள்ளை அடித்துவிட்டார்கள் என்றேன். எனக்கும் அந்தப் படம் பிடிக்காது. மூக்குத்தி, பொட்டு, வாய் நிறையச் சிரிப்பு, உல்லாசப் பயணிகளுக்கு வரைந்தது. "அவளுக்குக் கூடைக் கயித்த நெத்தியில போட்டு வச்சிருந்தான்" என்றார் அம்மா. "உச்சந்தலையிலதான் போடணும். நெத்தியில போட்டா ஒரு மணி நேரம் தாங்க மாட்டா."

பெயிண்ட் காசு இரண்டாயிரத்தை இன்று காலையே அனுப்பிவிட்டேன். யாரை வேண்டுமானாலும் வரையுங்கள்.