பேப்பர் வயசு 56

(லண்டன், சவுத் ஹரோ. 2025 ஓகஸ்ட் 22, வெள்ளிக்கிழமை பின்னேரம். பாமசிக்குள்ள ரெண்டு கதிரை. ஒண்டில சிவம், மடியில வெறும் பை. மற்றதில நாதன், மடியில வெறும் குளிசைப் பெட்டி. ரெண்டு பேரும் யாழ்ப்பாணத்தில ஒரே வாங்கில இருந்து படிச்சவை.)

சிவம்: என்னடா மச்சான், முகம் தொங்குது?

நாதன்: குளிசை முடிஞ்சுது. நேற்றுப் பின்னேரம் டொக்டரின்ர சேர்ஜரியில மருந்துக்கு எழுதிக் குடுத்தனான். இண்டைக்கு வந்து கேட்டா, இன்னும் வரேல்லையாம்.

சிவம்: மருந்து வர 48 மணித்தியாலம் எல்லோ?

நாதன்: தெரியும். அப்ப நாளைக்குப் பின்னேரம் வாறன் எண்டன். அந்தப் பிள்ளை சிரிக்குது.

சிவம்: அது மணிக்கூட்டு மணித்தியாலம் இல்லையடா, வேலை நாள் ரெண்டு. நீ கதவு பூட்டுற நேரம் குடுத்திருப்பாய். இண்டைக்கு ஒண்டு. சனி, ஞாயிறு லீவு. திங்கள் பாங்க் ஹொலிடே. செவ்வாய் ரெண்டு.

நாதன்: அப்ப 48 மணித்தியாலம் எண்டா அஞ்சு நாள். ஊரில சங்கக்கடை மனேச்சர் கூட இப்பிடிச் செய்யேல்லை. மா இல்லையெண்டா "இல்லை, புதன்கிழமை வா" எண்டுவார். கணக்குப் பாடம் எடுக்கமாட்டார்.

சிவம்: கடைசிக் குளிசையை விழுங்கிப்போட்டே ஓடிப்போறது? ஒரு கிழமைக்கு முன்னம் கேக்கிறதுதானே.

நாதன்: போன முறை ரெண்டு கிழமைக்கு முன்னம் கேட்டனான். "டூ ஏர்லி" எண்டு திருப்பிப்போட்டினம். இந்த முறை பிந்திப்போச்சுது. நடுவில ஒரு நல்ல நாள் இருக்கு போல. அதைக் குறிக்க ஐயரிட்டத்தான் போகோணும்.

சிவம்: போன் அடிச்சுப் பாத்தனியே?

நாதன்: அடிக்காமல்? காலமை 8 மணிக்கு அடிச்சன். நீங்கள் 23 ஆவது ஆள் எண்டுது. 35 நிமிசம் பாட்டுக் கேட்டன். என்ர முறை வந்துது. "ரிப்பீற் மருந்து போனில எடுக்கிறேல்லை சேர்." உதை அந்த மிசின் முதல்லயே சொல்லியிருக்கலாமே எண்டு கத்தினன். ரெண்டு தரம் சொன்னதாம்.

சிவம்: சொல்லும்தானே.

நாதன்: அந்த நேரம் நான் போனை மேசையில வைச்சிட்டுத் தேத்தண்ணி ஊத்திக்கொண்டு நிண்டன்.

சிவம்: டொக்டர் தாற பச்சை மருந்துத் துண்டின்ர வலப்பக்கத்தைக் கிழிச்சு, வேணும் எண்டதுக்குச் சரி போட்டு, அங்க பெட்டிக்குள்ள போடலாமே?

நாதன்: துண்டு சேட்டுப் பொக்கற்றுக்குள்ள இருந்தது. மனிசி சேட்டோட தோய்ச்சுப்போட்டா. நேற்று வெள்ளைக் கடுதாசியில மருந்துப் பேரை எழுதிக் குடுத்தன். "அம்லோடிப்பின்" எண்டதை அந்தப் பிள்ளை மூண்டு தரம் வாசிச்சு, இது ஆற்றையும் பேரோ எண்டு கேட்டுது.

சிவம்: இந்தக் கரைச்சலுக்குத்தான் எல்லாரும் இப்ப போன் அப்பில (app) போடுறது. போனைத் தா. நான் செய்து தாறன், அடுத்த முறைக்கு உதவும். பிறந்த திகதி சொல்லு.

நாதன்: எந்தத் திகதி?

சிவம்: ஒரு மனுசனுக்கு எத்தினை திகதியடா?

நாதன்: எனக்கு ரெண்டு. அம்மா பெத்தது 64 ஆம் ஆண்டு. ஏஜென்சிக்காரன் பெத்தது 69.

(சிவம் கண்ணாடியைக் கழட்டித் துடைச்சுப் போடுறார். துடைச்சாலும் அதே நாதன்தான்.)

சிவம்: டேய், நாங்கள் ரெண்டு பேரும் 80 ஆம் ஆண்டு ஓ லெவல் எடுத்தனாங்கள்!

நாதன்: அதை விசா குடுக்கிற ஹோம் ஒபிசில போய்ச் சொல்லு. பேப்பரின்படி நான் 11 வயசில ஓ லெவல் எழுதின கெட்டிக்காரன். 90 இல வரேக்க ஏஜென்சிக்காரன் தந்த பாஸ்போட்டில 69 எண்டு கிடந்தது. பயத்தில அதையே சொன்னன். அவங்களும் எழுதிப்போட்டாங்கள்.

சிவம்: பிறகு மாத்தியிருக்கலாமே?

நாதன்: மாத்துவம் எண்டுதான் இருந்தனான். அதுக்குள்ள கலியாணம் பேச வந்திட்டினம். அஞ்சு வயசு குறைவு எண்டா அப்ப எவ்வளவு வசதி, யோசிச்சுப் பார். அந்த அஞ்சு வயசுக்கு இப்ப வட்டி கட்டுறன்.

சிவம்: போன வருசம் ஹோல் எடுத்து உனக்கு மணிவிழாச் செய்தமே! நான் மாலை போட்டனான்!

நாதன்: மாலை போட்டாய். பாமசியில 60 ஏத்துக்கொள்ளுறாங்கள் இல்லையே! 60 வந்தா இங்கிலாந்தில மருந்து இனாம். என்ர பேப்பர் 60 ஆக 2029 வேணும். மூண்டு குளிசை. ஒண்டுக்கு 9.90 படி 29 பவுண்ஸ் 70 பென்ஸ். மாதா மாதம்.

சிவம்: மாதா மாதம் இல்லை, 28 நாளுக்கு ஒருக்கா. அப்பிடிப் பாத்தா உனக்கு வருசத்துக்கு 13 மாதம்.

நாதன்: உந்தக் கணக்கை நீ சொல்லாமலே இருந்திருக்கலாம். பேசாமல் 60 எண்டு சொல்லிப்போட்டு எடுத்தா என்ன?

சிவம்: ஐயோ வேண்டாம். பிழையாச் சொல்லிப் பிடிபட்டா 100 பவுண்ஸ் வரைக்கும் தண்டம்.

நாதன்: பார், உண்மையைச் சொன்னாத் தண்டம் விழுற ஒரே ஆள் நான்தான். உனக்கென்ன, போன வருசம் 60 ஆன உடன இனாம்.

சிவம்: எனக்கு அதுக்கு முதலே இனாம். சலரோகத்துக்குக் குளிசை எடுக்கிற ஆக்களுக்கு ஒரு காட் தருவினம். அதைக் காட்டினா சலரோக மருந்து மட்டுமில்லை, எல்லா மருந்தும் இனாம்.

நாதன்: பிறஷருக்கு?

சிவம்: அந்த லிஸ்ற்றில பிறஷர் இல்லை.

நாதன்: கொலஸ்ரரோல்?

சிவம்: அதுவும் இல்லை.

நாதன்: ஒரு வருத்தம் கூட எனக்கு உருப்படியா வரேல்லை.

சிவம்: அது கிடக்கட்டும். ப்ரீபேமென்ற் எடுத்திருக்கிறாய்தானே?

நாதன்: அது என்ன?

சிவம்: (மெதுவா) வருசத்துக்கு 114.50 கட்டினா எத்தினை மருந்தும் எடுக்கலாம். பத்துத் தவணையாவும் கட்டலாம். வருசத்துக்கு 12 அயிற்றம் வந்தாலே லாபம். உனக்கு 13 தரம் மூண்டு, 39 வருது. நீ இப்ப கட்டுறது... பொறு... 386 பவுண்ஸ் 10 பென்ஸ்.

(நாதன் வெறும் பெட்டியைக் குலுக்கிப் பாக்கிறார். சத்தமில்லை.)

நாதன்: எட்டு வருசமாக் கட்டுறன் மச்சான். பாமசிக்காரன் ஒரு நாளும் சொல்லேல்லை.

சிவம்: சொல்லியிருப்பான். நீ தேத்தண்ணி ஊத்தப் போயிருப்பாய்.

நாதன்: வேல்ஸில 2007 இல இருந்து எல்லாருக்கும் இனாமாம். பேசாமல் கார்டிஃபுக்குப் போவமோ?

சிவம்: போகலாம். அங்க ஜீபி டொக்டரிட்டப் பதியேக்கையும் முதல்ல பிறந்த திகதிதான் கேப்பினம். இப்ப எழும்பு. உள்ள இருக்கிற பாமசிஸ்ற்றிட்ட, செவ்வாய் மட்டும் சமாளிக்கக் கொஞ்சம் தரச்சொல்லிக் கேள். அவசரத்துக்குக் குடுக்கலாம். மாட்டன் எண்டா மருத்துவ உதவி லைன் 111 க்கு அடி.

(நாதன் கவுண்டருக்குப் போய், கொஞ்ச நேரம் கதைச்சு, முன்னம் இருந்ததை விடச் சிவந்த முகத்தோட திரும்பி வாறார்.)

சிவம்: தரமாட்டினமாமோ?

நாதன்: தருவினமாம். எடுத்துக்கொண்டு வரப் போட்டுது பிள்ளை. அதில்லை. சுவரில போஸ்ரர் பாத்தனியே, 40 வயசுக்கு மேல இலவச பிறஷர் செக் எண்டு? இதாவது எனக்கு உண்டு எண்டு கையை நீட்டினன். ஏற்கெனவே பிறஷர் உள்ள ஆக்களுக்கு இல்லையாம்!

சிவம்: ஞாயம்தானே. உனக்கு இருக்கிறது அவைக்கும் தெரியும், எனக்கும் தெரியும், இந்த ரோட்டுக்கே தெரியும்.

நாதன்: சிவம், ஒண்டு கேக்கிறன், கோவிக்காத. உனக்கு அந்தச் சலரோகம் என்னெண்டு வந்தது? முந்தி என்ன சாப்பிட்டனி?

சிவம்: உனக்கென்ன விசரே?

நாதன்: சும்மா கேக்கிறன். சந்தியில பூந்தி லட்டு இருக்கு. ஒரு கிலோ எவ்வளவு?

சிவம்: வந்தாலும் சாப்பாட்டுக் கட்டுப்பாட்டோட மட்டும் விட்டா காட் இல்லை. குளிசையோ ஊசியோ எழுதோணும். அதுக்கு முதல் பிளட் ரெஸ்ற். அதுக்கு ஒரு அப்பொயின்மென்ற்.

நாதன்: எடுக்கிறன். எப்ப அடிக்கோணும்?

சிவம்: காலமை 8 மணிக்கு.

நாதன்: சரி, திங்கள் காலமை முதல் வேலை அதுதான்.

சிவம்: திங்கள் பாங்க் ஹொலிடே மச்சான்.