அந்தத் தாளில் ஒரு வரி எழுதியிருக்கலாம்

அண்ணனிடம் கேட்டுவிட்டுத்தான் இதை எழுதுகிறேன். "என் பேரும் ஊரும் வேண்டாம், மத்ததை எழுது" என்றான்.

எங்கள் பகுதியில் டாஸ்மாக் கடைக்கு வழி கேட்டால் பள்ளிக்கூடப் பிள்ளைகூடச் சொல்லும். குடியை விட்டவர்களும் விட நினைப்பவர்களும் கூடும் ஏஏ கூட்டம், அதாவது ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ், எங்கே நடக்கிறது என்று கேட்டுப் பாருங்கள். இப்படி ஒன்று இருப்பதே இரண்டு வருடமாக எங்களுக்குத் தெரியாது. வீட்டிலிருந்து நான்கு ஸ்டாப் தள்ளி, சர்ச் பள்ளிக்கூடம் ஒன்றில், புதன்கிழமைதோறும் அது நடந்துகொண்டேதான் இருந்திருக்கிறது.

அந்த இரண்டு வருடத்தில் அண்ணன் குடியை விட வேண்டும் என்று கோயிலில் கயிறு கட்டினோம், சத்தியம் வாங்கினோம். 'அவருக்குத் தெரியாமலே குடியை நிறுத்தலாம்' என்று பஸ் ஸ்டாண்ட் சுவரில் ஒட்டியிருந்ததை நம்பி, பொடி வாங்கி அண்ணி சாம்பாரில் கலந்தாள். இப்போது நினைத்தாலும் பகீரென்கிறது. குடியை நிறுத்துவதற்குக் கொடுக்கும் டைசல்ஃபிராம் மாதிரி மருந்து உடம்பில் இருக்கும்போது குடித்தால் வாந்தி, படபடப்பு, ரத்த அழுத்தம் சரிந்து உயிருக்கே ஆபத்து என்றுகூட ஆகலாம். குடிப்பவருக்குத் தெரிந்து, டாக்டர் பார்வையில் எடுக்க வேண்டிய மருந்து அது. நாங்கள் கலந்த பொடியில் என்ன இருந்ததோ! தயவுசெய்து யாரும் செய்யாதீர்கள்.

அப்புறம் ஒரு மறுவாழ்வு மையத்தில் 21 நாள் சேர்த்தோம். அது தேவைதான். தினமும் நிறையக் குடிப்பவர் திடீரென்று நிறுத்தினால் இரண்டு மூன்று நாளுக்குள் வலிப்பு வரலாம், இல்லாதவையெல்லாம் கண்ணுக்குத் தெரியலாம். வீட்டில் வைத்துச் சமாளிக்கிற விஷயம் இல்லை. ஆனால் வெளியே வரும்போது கொடுத்த தாளில் மாத்திரைப் பெயர்களும் அடுத்து வரவேண்டிய தேதியும் மட்டும்தான் இருந்தன. சாயங்காலம் ஆறு மணி ஆனால் இவன் எங்கே போவான், யாரோடு பேசுவான் என்று யாரும் யோசிக்கவில்லை. பதினோரு நாள் தாங்கினான்.

என் கோபமெல்லாம் அந்தத் தாளின் மேல்தான். 2020-இல், மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து அலசும் காக்ரேன் அமைப்பு 27 ஆய்வுகளை ஒன்றாக வைத்துப் பார்த்தது. ஏஏ கூட்டங்களோடு நோயாளியைச் சேர்த்துவிடுவதையே நோக்கமாகக் கொண்ட சிகிச்சையில், குடியை முழுதாக விட்டவர்கள் மற்ற பேச்சு சிகிச்சைகளைவிட அதிகம் என்று அது சொன்னது. வழிகாட்டுவதே சிகிச்சையில் ஒரு பாதி என்றால், அதை எழுத ஒரு வரி இடமா இல்லை?

ஏஏ நம்பர் கிடைத்தது மருந்துக் கடையில். மாத்திரைச் சீட்டைப் பார்த்த கடைக்காரர், நான் கேட்காமலே பில்லின் பின்னால் எழுதிக் கொடுத்தார்.

போனில் அழுதேன். எல்லாம் கேட்டுவிட்டு, "நிறுத்தணும்னு அவருக்கு ஆசை இருக்காம்மா? இருந்தா அவரையே பேசச் சொல்லுங்க" என்றார் அந்த மனிதர். அந்த ஆசை ஒன்றுதான் அங்கே தகுதி, கட்டணம் எதுவும் இல்லை என்பதெல்லாம் பிறகுதான் தெரிந்தது. மூன்று நாள் கழித்து அண்ணன் பேசினான். அவர் அறிவுரை எதுவும் சொல்லவில்லையாம். "காலையில டம்ளரைத் தூக்க முடியாது. துண்டைக் கழுத்துல போட்டு, ஒரு முனையோட டம்ளரைப் பிடிச்சுக்கிட்டு, மறு முனையை இழுத்து வாய்க்குக் கொண்டுவருவேன்" என்று தன் கதையைத்தான் சொன்னாராம். போனை வைத்துவிட்டு அண்ணன் தன் கையையே பார்த்துக்கொண்டிருந்தான். 1935-இல் அமெரிக்காவின் ஏக்ரன் நகரில் பில் என்பவரும் பாப் என்ற டாக்டரும் இப்படிப் பேசித்தான் ஏஏவைத் தொடங்கியிருக்கிறார்கள்.

முதல் புதன்கிழமை நானும் கூடப் போனேன். வெளியாட்களும் உட்காரலாம் என்ற கூட்டம் அது. நாலாம் வகுப்பு அறை, சுவரில் வாய்ப்பாடு. சின்னப் பெஞ்சில் முழங்காலை மடக்கி உட்கார்ந்திருந்தார்கள். யார் யார் வந்தார்கள் என்று சொல்ல மாட்டேன். டீச் செலவுக்கும் வாடகைக்கும் ஒரு துணிப்பை சுற்றி வந்தது. அண்ணன் சட்டைப் பைக்குள் கையை விட, பக்கத்தில் இருந்தவர் "முதல் நாள்ல போட வேண்டாம்" என்று கையைப் பிடித்துக்கொண்டார்.

குடியை விட ஏஏ சொல்லும் பன்னிரண்டு படிகளில் கடவுள் என்ற சொல் வருகிறது. அண்ணன் கருப்புச் சட்டைக்காரன், கேட்டே விட்டான். "இந்தக் குழுவையே உங்களைவிடப் பெரிய சக்தின்னு வச்சுக்கங்க" என்றார்கள். சரி என்று உட்கார்ந்துவிட்டான்.

உங்கள் வீட்டிலும் இப்படி ஒருவர் இருந்தால், 14446 என்ற போதை மீட்பு உதவி எண்ணில் சிகிச்சைக்கு வழி கேளுங்கள். கூட்டத்துக்குப் போகுமுன் போன் செய்துவிடுங்கள், நாளும் இடமும் மாறியிருக்கலாம். முதல் தடவை தனியாக அனுப்பாதீர்கள், வாசல் வரைக்குமாவது கூடப் போங்கள். குடும்பத்தாருக்கென்று ஆலனான் கூட்டங்கள் தனியாக உண்டு. அண்ணியும் நானும் போகிறோம். அங்கே போன பிறகுதான் அண்ணி ராத்திரி தூங்க ஆரம்பித்தாள்.

போன மாதம் அண்ணன் அதே மையத்துக்குப் போனான். இடம், கிழமை, நேரம், போன் நம்பர் எழுதிய ஐம்பது சீட்டு கொண்டுபோயிருந்தான். மருந்து கொடுக்கும் ஜன்னலில் இருந்த பெண் வாங்கி வைத்துக்கொண்டாராம். அடுத்த புதன்கிழமை இரண்டு பேர் அந்தச் சீட்டோடு வந்தார்கள்.