உடன் நின்றவர்களுக்கு

புற்றுநோயாளிகளின் மன உறுதியைப் பாராட்டி இங்கே வெளியான கட்டுரையை வாசித்தேன்; அது, அவர்களைத் தாங்கி நிற்கும் குடும்பத்தாரைப் பற்றியும் இன்னும் விரிவாகச் சொல்லியிருக்க வேண்டும். கோபிசெட்டிபாளையத்தில் வசிக்கும் எனக்கு மார்பகப் புற்றுநோய்க்காகக் கோவையில் கீமோதெரபி நடந்தபோது, மருந்து ஏற்றிய 7 முதல் 14 நாட்களுக்குள், நோய்த்தொற்றை எதிர்க்கும் இரத்த வெள்ளணுக்கள் மிகவும் குறையக்கூடும் என்று மருத்துவர் சொன்னதை என்னைவிடக் கவனமாகக் கேட்டுக்கொண்டவர் என் மாமியார்தான். அந்த நாட்களில் நலம் விசாரிக்க வந்தவர்களைத் திண்ணையிலேயே அமர வைத்துப் பேசி அனுப்பினார். வாய்ப்புண்ணால் காரம் ஆகாதபோது, அரிசியும்பருப்பு சாதத்தை மிளகாய் சேர்க்காமல் குழைய வேகவைத்து, சூடு ஆறிய பிறகே கொடுத்தார். ஓர் இரவு காய்ச்சல் 100.4 டிகிரியைத் தாண்டியதும், மறுநாள் மஞ்சள் வெட்ட ஆள் சொல்லியிருந்தும், விடியட்டும் என்று காத்திராமல் உடனே வண்டியை எடுத்தவர் என் கணவர். நேரில் நன்றி சொன்னால், "இதென்ன கண்ணு பெரிய காரியம்" என்று மாமியார் பேச்சை மாற்றிவிடுவதால், இருவருக்கும் என் நன்றியை இங்கே எழுதுகிறேன்.